பூட்டில்லாத அறையில் ஒரு கண்டுபிடிப்பு

அடுத்தவர் சொன்ன பகிடியைத் திருப்பிச் சொல்வதற்கு அனுமதி கேட்ட ஒரே மனிதரை நான் ஹட்டனில்தான் பார்த்தேன். தேநீர் அறையில் ஏதோ ஒரு தோட்டத் துரையைப் பற்றி நான் சொன்ன பகிடிக்கு எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்து போனார்கள். மறுநாள் காலை அவர் மட்டும் என் மேசைக்கு வந்து நின்றார். "தம்பி, நேற்று நீங்கள் சொன்ன அந்தப் பகிடியை எங்கட அவருக்குச் சொல்லலாமோ?" என்று கேட்டார். தாராளமாகச் சொல்லுங்க மிஸ் என்றேன். என் பெயரைச் சொல்லித்தான் சொல்வேன் என்று உறுதி கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு கேள்விப்பட்டேன். என் முழுப்பெயர், என் பதவி, நான் பிறந்த தோட்டம், அந்தப் பகிடியை நான் யாரிடம் கேட்டேன் என்ற விவரம் எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் வீட்டில் பகிடி தொடங்கியதாம். அதற்குள் கணவர் தூங்கிவிட்டாராம்.

இங்கே அவருடைய பெயரை நான் எழுதவில்லை. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கேட்பதற்கு அவருடைய இப்போதைய விலாசம் என்னிடம் இல்லை. நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. ஹட்டன் நகரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், பல்கலைக்கழகமொன்றின் தொலைக்கல்வி நிலையம் இருந்தது. மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூறுகளில் மலைக்கு வந்து, குளிரைச் சபித்துக்கொண்டே தங்கிவிட்டவர். ஆங்கிலம் படிப்பித்தார், நிலையத்தின் இணைப்பாளரும் அவர்தான். நான் கணினிப் போதனாசிரியர். மஸ்கெலியாப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்து, எங்கள் வரிசையில் முதலில் பட்டம் வாங்கியவன். அந்தச் செய்தியை, கேட்காதவர்களுக்கும் தெரியப்படுத்துவதை நான் ஒரு சேவையாகவே செய்துவந்தேன்.

மதியச் சாப்பாட்டில் அவருடைய சம்பலைப் பாராட்ட முடியாது. பாராட்டினால், அது தன்னுடையது இல்லை, கீழ் வீட்டு மேரி அக்காவின் கைமுறை, அதில் தேசிக்காயைக் கடைசியில் பிழிந்துவிடுவது மட்டும் மேரி அக்காவின் மருமகளின் யோசனை என்று சொல்லிவிடுவார். சான்றிதழ் வழங்கும் விழாவில் வரவேற்புரை நிகழ்த்தினார் என்றால், நல்ல வசனம் ஒன்று வந்ததும் நிறுத்தி, இது எங்கள் சாரதி போன கிழமை சொன்னது என்பார். சாரதி வாசலில் நின்று நெளிவார். பிரதம விருந்தினர் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து, இந்த அம்மாவுக்கு ஏன் இந்த வீண் வேலை என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

நான் அதற்கு நேர்மாறு. என் கைக்கு வந்த எதையும் என்னுடையது என்று சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. நிலையத்துக்காக நான் ஒரு மென்பொருள் எழுதினேன். தோட்டங்களில் இருக்கும் மாணவர்கள் ஒவ்வொரு கிழமையும் ஹட்டனுக்கு வரத் தேவையில்லை. பக்கத்து டவுனில் இருக்கும் நெட் கடையில் உட்கார்ந்து பாடத்தைப் படிக்கலாம், வீட்டில் எழுதவேண்டிய பயிற்சியை, அதாவது ஒப்படையை, அனுப்பலாம், திருத்தி வந்த புள்ளியைப் பார்க்கலாம். நல்ல காரியம்தான். ஆனால் அதைத் திறந்ததும் முதலில் என் பெயர் பெரிய எழுத்தில், சுற்றிலும் மின்மினி மாதிரி வெளிச்சத்தோடு, மெதுவாக இறங்கி வரும்படி செய்திருந்தேன். அந்தக் காலத்துத் தொலைபேசி இணைப்பில் அது இறங்கி முடிவதற்குள் மஸ்கெலியாவில் ஒருவர் எழுந்து போய் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வரலாம். மாணவர்கள் என் பெயரை நன்றாகவே மனப்பாடம் செய்திருந்தார்கள். என்ன நினைத்துக்கொண்டு செய்தார்கள் என்பதை நான் விசாரிக்கவில்லை.

மென்பொருள் ஓடத் தொடங்கிய இரண்டாம் தவணையில் ஒரு சங்கதி நடந்தது. டயகமப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நிரந்தர நியமனம் இல்லாத ஒரு தொண்டர் ஆசிரியர் இருந்தார். எங்களிடம் கல்வியியல் டிப்ளோமாவுக்குப் படித்தார். விஞ்ஞானத்தில் கெட்டிக்காரர் என்பதால், விஞ்ஞானப் பாடத்துக்கு ஒப்படைகளைத் திருத்தித் தரும் வேலையையும் அவரிடமே கொடுத்திருந்தோம். நான் எழுதிய மென்பொருளுக்கு ஆள் என்றால் ஒன்று ஆசிரியர், இல்லையென்றால் மாணவர். இரண்டுமாக ஒருவர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆகவே டயகமக்காரரின் பெயருக்கு ஆசிரியர் என்ற அதிகாரத்தைக் கொடுத்துவிட்டேன். அதன் விளைவாக, கல்வியியலில் அவர் அனுப்பிய ஒப்படை திருத்துவதற்காக அவருக்கே போய்ச் சேர்ந்தது. மனிதர் திருத்தினார். நாற்பத்தெட்டுப் புள்ளி போட்டுத் திருப்பி அனுப்பினார்.

விசாரித்தபோது, ஹட்டனில் இருந்து வேலை வந்தால் செய்யத்தானே வேண்டும் என்றார். ஏன் நாற்பத்தெட்டு என்று கேட்டேன். "கூடப் போட்டுக்கிட்டா நல்லாருக்காதுங்க சார். பெயிலாக்கவும் மனசு வரலைங்க" என்றார்.

அவரைத் திருத்தும் வேலையிலிருந்து நீக்கவேண்டும், ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று நான்தான் அதிகமாகச் சத்தம் போட்டேன். பிழை என்னுடையது என்றால் வேறு என்ன செய்வது? தேநீர் அறையில் எல்லோரும் இருந்தோம். டயகமக்காரர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அப்போது மிஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இவர் அந்தப் பாடத்திலை வாத்தியார், இந்தப் பாடத்திலை மாணவன். ஆள் ஒண்டுதானே தம்பி. உங்கட மெசினுக்கு ஏன் அது தெரியேல்லை?" என்றார்.

டயகமக்காரர்தான் மெதுவாகப் பதில் சொன்னார்.

"எங்க தோட்டத்திலயும் அப்படித்தாங்க மிஸ். மலையில வேலை நேரத்துல கணக்கப்பிள்ளை ஐயா சொல்றத எங்கப்பா கேக்கணும். கோயிலுக்குள்ள வந்துட்டா எங்கப்பா தலைவரு. கணக்கப்பிள்ளை ஐயா வரிசையில நின்னு துண்ணூறு வாங்கிக்குவாரு. ஆளு அதே ஆளுதாங்க, எடம்தான் வேற."

மலை வேறு, கோயில் வேறு. ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஆனால் பாடத்துக்குப் பாடம் ஆளின் நிலை மாறவேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். ஒரு மாதம் உட்கார்ந்து மென்பொருளை அப்படி மாற்றி எழுதினேன். தேநீர் போடும் அண்ணன் வந்து போகும்போதெல்லாம் ஒரு குறை சொல்வார். சில குறைகள் உண்மையாகவே இருந்தன. எழுதி முடித்ததும், இது என் கண்டுபிடிப்பு என்று அறிவித்துவிட்டேன்.

மாற்றத்தை மாணவர்களுக்கு விளக்குவதற்கு டயகமவில் தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தோம். மாணவர்கள் மட்டுமல்ல, வேலை முடித்து வந்தவர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் என்று மண்டபம் நிறைந்துவிட்டது. நான் என் கண்டுபிடிப்பை விளக்க எழுந்தேன். இரண்டு வசனம் சொல்வதற்குள் மிஸ் குறுக்கிட்டு, மன்னிக்கவேண்டும், இந்த யோசனை இந்தத் தோட்டத்துப் பிள்ளையுடையது என்று டயகமக்காரரை எழுப்பி நிறுத்தி, மலைக்கும் கோயிலுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மென்பொருள் முழுவதையும் தானே விளக்கிவிட்டார். முன்வரிசையில் கோயில் தலைவரும் கணக்கப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சனம் அவர்களைப் பார்த்துச் சிரித்தது. இருவரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழி முழுவதும் மிஸ்ஸோடு நான் பேசவில்லை; அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அடுத்த வருடம் கொழும்பில் ஒரு கம்பெனி இதே விஷயத்துக்கு ஆக்கவுரிமை கேட்டு விண்ணப்பித்தது. எல்லோரும் பேட்டன்ட் என்று சொல்வது அதைத்தான். ஒரே ஆள் ஒரே கடவுச்சொல்லோடு நுழைந்து, ஒரு பாடத்தில் ஆசிரியராகவும் இன்னொன்றில் மாணவராகவும் இருக்கும் முறை தங்களுடையது, இலங்கையில் வேறு யாரும் அதைப் பாவிக்கக்கூடாது என்றார்கள். உரிமையும் கிடைத்துவிட்டது. அதை வைத்துப் பல்கலைக்கழகங்களுக்குத் தங்கள் மென்பொருளை விற்கப் புறப்பட்டவர்கள், மலையில் ஒரு புடவைக் கடை மாடியில் அது ஏற்கெனவே ஓடுவதைக் கேள்விப்பட்டதும் வக்கீல் மூலம் அறிவித்தல் அனுப்பினார்கள். எங்கள் தலைமையகம் பயந்துவிட்டது. வழக்கு முடியும்வரை மென்பொருளைத் திறக்கவே கூடாது என்று உத்தரவு வந்தது.

அந்தத் தவணையின் ஒப்படைகளும் புள்ளிகளும் உள்ளே மாட்டிக்கொண்டன. புள்ளி இல்லாமல் இறுதிப் பரீட்சை எழுத முடியாது. மற்றவர்களுக்கு ஒரு வருடம் வீண். டயகமக்காரருக்கு அதைவிட மோசம். டிப்ளோமா இருந்தால்தான் நிரந்தர நியமனம். அடுத்த வருடம் அவர் நியமனத்துக்குரிய வயதைத் தாண்டிவிடுவார். பல வருடங்களாகத் தொண்டராகவே படிப்பித்த மனிதர் அவர். கிழமைக்கு ஒரு முறை ஹட்டனுக்கு வந்து, இன்னும் திறக்கலியாங்க என்று கேட்டுவிட்டு, திட்டாமல் திரும்பிப் போவார். திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கம்பெனியின் உரிமையை ரத்துச் செய்யச் சொல்லிப் பல்கலைக்கழகம் முறையிட்டது. கொழும்பில் விசாரணை. சாட்சி சொல்ல நானும் மிஸ்ஸும் போகவேண்டும். எனக்குள்ளே நாதஸ்வரம் வாசிக்கத் தொடங்கிவிட்டது. என் கண்டுபிடிப்பைத் திருடிய கம்பெனியை நான் கூண்டில் ஏறி அம்பலப்படுத்துவது, விசாரணை அதிகாரி எழுந்து எனக்குக் கைகொடுப்பது, பத்திரிகையில் படம் வருவது எல்லாம் கண்முன்னே ஓடியது. அதற்காக ஒரு கோட் தைத்துக்கொண்டேன். கொழும்பு வெயிலில் கோட் என்ன செய்யும் என்று மலையில் வளர்ந்தவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பஸ்ஸில் போகும்போது மிஸ்ஸிடம் பேச்சுக் கொடுத்தேன். கண்டுபிடித்தவர் ஒருவர் என்று இருந்தால்தான் வழக்கு பலமாக நிற்கும், அதனால் அங்கே போய்ச் சம்பல் கதை மாதிரி ஆளாளுக்குப் பங்கு பிரிக்கவேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டேன். "உங்கட பங்கைக் குறைச்சுச் சொல்லமாட்டன் தம்பி. ஆனா மற்றவையின்ர பங்கை உங்களுக்குத் தர எனக்கு உரிமை இல்லை" என்றார். அதன்பின் அவிசாவளை வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது. என்னை முதலில் கூப்பிட்டார்கள். கம்பெனியின் வக்கீல் மிகவும் மரியாதையான மனிதர். இந்த முறையை எப்படி உருவாக்கினீர்கள் என்று கேட்டார். இதற்குத்தானே காத்திருந்தேன். மழையும் குளிருமான மலையில், ஓர் அறையைப் பூட்டிக்கொண்டு, தன்னந்தனியே, யாருக்கும் காட்டாமல், யாரிடமும் ஒரு சொல் கேட்காமல் உருவாக்கினேன் என்றேன். அப்படியானால் வெளியில் ஒருவருக்குமே இது தெரியாதா என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியாது, ஒரு வார்த்தை வெளியே விடவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் வக்கீல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது இடைவேளையில்தான் எனக்கு விளங்கியது. சட்டம் கேட்பது, முதலில் செய்தவர் யார் என்பதை அல்ல. கம்பெனி விண்ணப்பிக்கும் முன்பே இந்த முறை வெளியுலகத்துக்குத் தெரிந்திருந்ததா என்பதைத்தான். தெரிந்திருந்தால் அது புதிய விஷயமில்லை, உரிமை ரத்தாகும். பூட்டிய அறைக்குள் எவ்வளவு முந்திச் செய்திருந்தாலும் அது கணக்கில் வராது. ஒருவருக்கும் தெரியாது என்று சத்தியப்பிரமாணம் செய்து சொன்னதன்மூலம், கம்பெனிக்கு அவர்களுடைய சாட்சியைவிட நல்ல சாட்சியாக நான் ஆகிவிட்டேன். கோட்டுக்குள் வியர்வை ஊற்றியது. டயகமக்காரர் ஹட்டன் மாடிப்படியில் இறங்கிப் போகும் முதுகுதான் நினைவுக்கு வந்தது. அவருடைய வேலையை என் வாயால் தொலைத்துவிட்டேன் என்று எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

அடுத்து மிஸ்.

அந்த அறைக்குப் பூட்டே கிடையாது என்றுதான் தொடங்கினார். கதவு எப்போதும் திறந்திருக்கும், தேநீர் போடுபவர் உட்பட எல்லோரும் உள்ளே போய் அபிப்பிராயம் சொல்வார்கள், அதில் இன்னின்னதை இவர் ஏற்றுக்கொண்டார் என்றார். பிறகு நாற்பத்தெட்டுப் புள்ளிக் கதையைச் சொன்னார். விசாரணை அதிகாரி சிரிப்பை அடக்கப் பேனையைத் தேடினார். தேநீர் அறையில் யார் யார் இருந்தார்கள், டயகமக்காரர் மலையையும் கோயிலையும் பற்றிச் சொன்னது என்ன, மண்டபத்தில் தான் அதை எப்படி விளக்கினார், எந்த இடத்தில் சனம் சிரித்தது, மூன்றாம் வரிசையில் இருந்த பெண் என்ன கேள்வி கேட்டார், அந்தப் பெண்ணின் பெயர் என்ன, கணக்கப்பிள்ளை அதற்கு என்ன சொன்னார் என்று ஒருவர் விடாமல் பெயர் சொல்லி, ஒவ்வொரு சொல்லையும் உரியவர் கையில் கொடுத்துக்கொண்டே போனார். வரவேற்புரையில் என்னை அலுக்க வைத்த அதே குரல். அன்று மட்டும் அது நிற்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி வக்கீல், அப்படியானால் சற்று முன் சாட்சி சொன்ன கனவான் இதைக் கண்டுபிடித்தவர் இல்லையா என்று கேட்டார். இல்லை, அவர் அதை எழுதியவர், நன்றாக எழுதினார் என்றார் மிஸ். மண்டபத்தில் இருந்தவர்களை இங்கே கொண்டுவர முடியுமா என்று அடுத்த கேள்வி. கேட்டுப்பார்க்கிறேன், வருவார்கள், ஆனால் ஒரு பஸ் போதாது என்றார்.

அதிகாரி ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள விரும்பினார். பாடத்துக்குப் பாடம் ஆளின் நிலை மாறவேண்டும் என்ற எண்ணம் முதலில் எப்படி வந்தது என்று கேட்டார். தேநீர் அறையில் ஒரு கேள்வி எழுந்தது, அதற்குப் பதிலாக டயகமக்காரர் கோயிலைப் பற்றிச் சொன்னார் என்றார் மிஸ்.

ஒரு கேள்வி எழுந்தது. அவ்வளவுதான். சம்பலில் விடும் தேசிக்காய்க்கும் ஆள் சொல்கிறவர், அந்தக் கேள்விக்கு ஆள் சொல்லவில்லை. நான் ஒரு கணம் பொறுத்துப் பார்த்தேன். அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, எழுந்து நின்றுவிட்டேன். "அந்தக் கேள்வியைக் கேட்டது மிஸ்தாங்க சார்" என்று, ஆங்கிலம் மறந்துபோய், தமிழில் சொன்னேன்.

சாட்சி சொல்பவரைத் தவிர மற்றவர்கள் பேசக்கூடாது, உட்காருங்கள் என்றார் அதிகாரி. நான் சொன்னதைக் குறிப்பில் சேர்க்கவேண்டாம் என்று எழுதுபவரிடமும் சொன்னார். என் வாழ்க்கையில் இன்னொருவர் பெயரை நானாக எடுத்துச் சொன்ன முதல் வார்த்தை அப்படி அடிபட்டுப் போனது.

பின்னேரம் கம்பெனிக்காரர்கள் வெளியே போய்த் தங்களுக்குள் பேசிவிட்டு வந்து, உரிமையை விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார்கள். பஸ் நிறைய வரப்போகும் சாட்சிகளை யோசித்திருப்பார்கள். எங்கள் வக்கீல் அங்கிருந்தே ஹட்டனுக்குப் போன் செய்து, மென்பொருளைத் திறக்கச் சொன்னார். டயகமக்காரர் அன்று நிலையத்தில்தான் இருந்தாராம். போனை வாங்கி மிஸ்ஸிடம் ஏதோ சொல்லப் பார்த்திருக்கிறார். மிஸ் இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு, சரி ராசா, சரி, போய்ப் பரீட்சைக்குப் படியுங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அந்த வருடமே பரீட்சை எழுதி, நியமனமும் எடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொல்பிட்டிய தாண்டி வளைவுகள் தொடங்கிய பிறகுதான் மிஸ் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்று சொன்னது எந்தக் கேள்வி என்று கேட்டார். தேநீர் அறையில் அவர் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டதைச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"அது நான் கேட்டதோ?"

அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே ஞாபகம் இல்லை. சாரதி சொன்ன வசனமும், மூன்றாம் வரிசைப் பெண்ணின் கேள்வியும் சொல்லுக்குச் சொல் இருந்த இடத்தில், அவருடையது மட்டும் இல்லை. பிறர் சொன்னதையெல்லாம் பத்திரமாக வைத்தவர் தன்னுடையதை எங்கேயோ கைதவறி விட்டிருக்கிறார். நீங்கதான் கேட்டீங்க மிஸ், நான் பக்கத்துல இருந்தேன், என்னத்தான் கேட்டீங்க என்றேன்.

"நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார். சந்தோஷப்பட்டார் என்று நினைக்கிறேன்; முகத்தை யன்னல் பக்கம் வைத்துக்கொண்டதால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பிறகு திரும்பி, "ஆராவது கேட்டால், நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும் எண்டு சொல்லுவன்" என்றார்.

சொல்லியிருப்பார். எந்த ஊரில், யாரிடம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் முழுப்பெயர், பதவி, பிறந்த தோட்டம் எல்லாவற்றோடும்தான் சொல்லியிருப்பார். எனக்கு அது போதும் என்று எழுதினால் பொய்; பத்திரிகையில் ஒரு சின்னப் படம் வந்திருந்தால் நான் வேண்டாமென்று சொல்லியிருக்கமாட்டேன். ஆனாலும் அன்று ஹட்டனில் பஸ்ஸைவிட்டு இறங்கி, அவருடைய பையை இறக்கிக் கொடுத்துவிட்டு, தூறலில் தனியே நடந்தபோது எனக்கு அழுகை வந்தது. கோட் கையில் இருந்ததால் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.